30 அடி பாய்மரப் படகுக்கு எத்தனை எச்பி டீசல் என்ஜின் சரி?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். சென்னைத் துறைமுகத்துக்குள் கட்டிப்போட்டிருந்த 30 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். 1980களில் கட்டியது. தண்ணீர் மட்டத்தில் அளந்தால் நீளம் 25 அடி. உள்ளே இருந்த டென்மார்க் நாட்டு புக் டிவி20, இரண்டு சிலிண்டர், 20 எச்பி டீசல் என்ஜின், உப்புத்தண்ணீர் ஏறி ஜாம் ஆகிவிட்டது. காசிமேட்டில் விசைப்படகு வேலை பார்க்கும் மெக்கானிக் 45 எச்பி போடச் சொல்கிறார். உங்கள் நண்பர், மீன்பிடி ஃபைபர் படகுகளில் இருக்கும் 10 எச்பி என்ஜினே போதும் என்கிறார். டீலர் 29 எச்பிக்கு விலை கொடுத்திருக்கிறார். யார் சொல்வது சரி?

என் பதில் 20, 21 எச்பி. 29 வரை போகலாம், ஆனால் உங்கள் படகின் அடியில் அதற்கேற்ற ப்ரொப்பெல்லர் சுற்ற இடம் இருந்தால் மட்டும். 45 வேண்டாம். 10 வேண்டவே வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். உங்கள் படகின் எடையும் அளவும் நான் நினைப்பதிலிருந்து கொஞ்சம் மாறினாலும், கணக்கு கையில் இருந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

என்ஜினைத் தேர்ந்தெடுக்க உட்காரும் எல்லோரும் எச்பியில்தான் ஆரம்பிக்கிறார்கள். படகில் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் படகு மாதிரி கனமான கீல் (அடியில் இருக்கும் பாரத் துடுப்பு) வைத்த படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவது. தண்ணீருக்கு மேல் ஏறிச் சறுக்குவது இல்லை. அது ஓடும்போது அணியத்தில் (முன்முனையில்) ஓர் அலை எழும், பின்னால் ஓர் அலை எழும். வேகம் கூடக்கூட அந்த இரண்டு அலைகளுக்கும் நடுவே இடைவெளி நீளும். ஒரு கட்டத்தில் அந்த இடைவெளி படகின் தண்ணீர்மட்ட நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் படகு தன் சொந்த அலையின் மேட்டில் ஏற வேண்டும். கனமான படகால் அது முடியாது. பின்பக்கம் பள்ளத்தில் அமிழும், அணியம் வானத்தைப் பார்க்கும், டீசல் மட்டும் போகும்.

அந்த எல்லையைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. தண்ணீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் வேகம் வரும். 25 அடிக்கு வர்க்கமூலம் 5. உங்கள் படகின் எல்லை 6.7 நாட். 20 எச்பி போட்டாலும் 45 போட்டாலும் இந்த எண்ணைச் சுற்றித்தான் வரும்.

இனி அந்த வேகத்துக்கு எத்தனை எச்பி ஆகும் என்று பார்ப்போம். படகின் எடையை 5 டன் என்று வைத்துக்கொள்கிறேன். படகு வடிவமைப்பவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்குப்படி, சுத்தமான அடிப்பாகத்தோடு 5 நாட் போக 9 எச்பி போதும். 6 நாட் போக 16 எச்பி. 6.7 நாட்டுக்கு 22. அதாவது 5-லிருந்து 6-க்கு ஒரு நாட் கூட்ட 7 எச்பி. அடுத்த 0.7 நாட்டுக்கு இன்னொரு 6 எச்பி. அதைத் தாண்டி என்ன கொட்டினாலும் அலைதான் பெரிதாகும். இதைப் பார்த்தாலே 20, 22 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். டன்னுக்கு 4 எச்பி, கொஞ்சம் கூட என்று பலரும் வாய்க்கணக்காகச் சொல்வதும் இதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

எடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. படகு கட்டியவர்கள் காகிதத்தில் அச்சடித்த எடையை நம்பாதீர்கள். அது காலிப் படகின் எடை. 200 லிட்டர் தண்ணீர் டேங்க் நிறைந்தால் 200 கிலோ. 80 லிட்டர் டீசல் 65 கிலோவுக்கு மேல். 8 மில்லி நங்கூரச் சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ, 50 மீட்டர் என்றால் 70 கிலோ. நாலு பேர், பேட்டரி, சாப்பாடு, பாத்திரம், மாற்றுப் பாய், நாற்பது வருடத்தில் ஒவ்வொரு சொந்தக்காரரும் உள்ளே வைத்துவிட்டுப் போன சாமான்கள். 4.2 டன் என்று எழுதியிருக்கும் படகு சாதாரணமாக 5 டன்னைத் தாண்டும். கிரேனில் தூக்கும்போது எடைகாட்டி இருந்தால் ஆபரேட்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட நம்பகமான எண் கிடைக்காது.

சரி, அமைதியான தண்ணீரில் 5 நாட்டுக்கு 9 எச்பிதான் என்றால் நண்பர் சொன்ன 10 எச்பி ஏன் போதாது? கேள்வி நியாயமானது. துறைமுகத்துக்குள் சுற்றி வர 10 எச்பி போதும்தான். ஆனால் பாய்மரப் படகில் என்ஜினை உண்மையிலேயே நம்பி இருக்கும் நேரம் துறைமுகத்துக்கு வெளியே, காற்று முகத்தில் அடிக்கும்போது வரும்.

சென்னைக் கடலில் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அதோடு நீரோட்டமும் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். மீனவர்கள் வண்ணி என்று சொல்வது அதைத்தான். தெற்கே போய்விட்டுத் திரும்பும் படகுக்குக் காற்று, அலை, ஓட்டம் மூன்றும் ஒரே நேரத்தில் எதிர். பல வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில், சின்ன என்ஜின் வைத்த 28 அடிப் படகில் கோவளத்துக்கு நேரே இருந்து திரும்பினோம். அங்கிருந்து துறைமுகம் 19 கடல்மைல்தான். காலை 10 மணிக்குக் கிளம்பி, உள்ளே நுழைந்தபோது இரவு 11. சாந்தோம் கோபுரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்ற மாதிரி இருந்தது. என்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சக்திதான் போதவில்லை. படகில் இரண்டு சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகுதான் நான் காற்றின் கணக்கையும் உட்கார்ந்து போட ஆரம்பித்தேன்.

அந்தக் கணக்கை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் படகை முன்பக்கமிருந்து பார்த்தால் உடல், கேபின், பாய்மரம், கம்பிகள், சுருட்டி வைத்த பாய் எல்லாம் சேர்ந்து காற்றைத் தடுக்கும் பரப்பு 8 சதுர மீட்டர் என்று வைப்போம். எதிர்க்காற்று 25 நாட். நீங்கள் அதற்கு எதிராக 4 நாட் போகப் பார்க்கிறீர்கள். படகின் மேல் அடிக்கும் காற்று 29 நாட், அதாவது நொடிக்குச் சுமார் 15 மீட்டர். அந்தக் காற்று படகைப் பின்னுக்குத் தள்ளும் விசை சுமார் 105 கிலோ. இரண்டு ஆட்கள் முன்னால் நின்று முழு எடையையும் சாய்த்துத் தள்ளுகிற மாதிரி. இந்த நிலையில் ப்ரொப்பெல்லர் என்ஜின் கொடுப்பதில் 40 சதவீதத்தைத்தான் உந்துதலாக மாற்றும் என்று கொண்டால், காற்றை வெல்ல மட்டுமே 7 எச்பி. 4 நாட் வேகத்தில் தண்ணீரின் தடைக்கு 5 எச்பி. ஆக 12. இன்னும் அலையைச் சேர்க்கவில்லை. துறைமுக வாய்க்குப் பக்கத்தில் அலைத்தடுப்புச் சுவரில் மோதித் திரும்பும் அலை வேறு குறுக்கே வரும். ஒவ்வொரு அலையும் படகை நிறுத்திவிட்டுத்தான் போகும். மறுபடி வேகமெடுக்கச் சக்தி வேண்டும். அதற்கு நாலைந்து எச்பி வைத்தால் 16, 17-ல் வந்து நிற்கும். 10 எச்பி அங்கே தோற்றுவிடும். 20 எச்பி மெதுவாக, ஆனால் நிச்சயமாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் டன்னுக்கு 2 எச்பி என்று ஒரு கணக்கு புழங்கியது. காற்று இல்லாதபோது துறைமுகத்துக்குள் வந்து போக மட்டும் என்ஜின் என்று நினைத்த காலம் அது. நூறு கிலோமீட்டர் போனாலும் ஒதுங்க நல்ல இடம் கிடைக்காத நம் சோழமண்டலக் கரைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அந்த 10 எச்பி என்ஜினில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஃபைபர் படகுகளில் இருக்கும் நீள்வால் என்ஜின் (நீண்ட தண்டின் முனையில் ப்ரொப்பெல்லர் உள்ளது) பெரும்பாலும் காற்றால் குளிர்வது. திறந்த படகின் பின்னால், கடற்காற்றில் உட்காருவதற்காக வந்தது. அதைக் கேபினுக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் சூடு வெளியே போக வழியில்லை. புகைக்குழாயும் காய்ந்த சூட்டோடு கேபின் வழியே போக வேண்டும். தூங்கும் ஆட்கள் இருக்கும் இடத்தில் புகை கசிந்தால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இப்போது 45 எச்பி. காசிமேட்டு மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வேலையைப் பார்த்துத்தான் நான் பாதித் தொழில் கற்றுக்கொண்டேன். ஆனால் அவர் நினைப்பது விசைப்படகை. அங்கே இருப்பது எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டின் ஆறு சிலிண்டர் மாதிரியான என்ஜின்கள், பெரிய ப்ரொப்பெல்லர், பின்னால் மணிக்கணக்காக இழுத்துப் போகும் வலை. வலை இழுக்கும் படகுக்கு எச்பி எவ்வளவு இருந்தாலும் வேலை இருக்கிறது. உங்கள் படகு பின்னால் எதையும் இழுப்பதில்லை. 5 நாட்டில் அதற்கு வேண்டியது 9, 10 எச்பி. 45 எச்பி என்ஜின் அந்த வேகத்தில் தன் சக்தியில் கால் பங்கைக்கூடத் தொடாது.

தொடாவிட்டால் நல்லதுதானே, என்ஜின் ஓய்வாக ஓடுமே என்று நினைப்பீர்கள். டீசலுக்கு ஓய்வு ஆகாது. பாரம் இல்லாமல் மணிக்கணக்காக ஓடினால் சிலிண்டர் போதுமான சூடு ஏறாது. டீசல் முழுதாக எரியாமல் கரி படியும். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் சரியாக அழுந்தாமல், அந்தச் சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும். அப்புறம் ஆயில் அங்கே நிற்காது, மேலே ஏறி எரியும். நீலப் புகை வரும். ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இதற்கு மருந்து என்ஜினைக் கழற்றி சிலிண்டரை ஹோன் செய்வதுதான் (சுவரைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவது).

இதை நான் நேரில் பார்த்தேன். 31 அடிப் படகு, சொந்தக்காரர் எனக்கு நெருங்கிய நண்பர். அவர் கேட்டுக்கொண்டபடி 38 எச்பி என்ஜினை நான்தான் இறக்கினேன். அடியில் 15 அங்குலத்துக்கு மேல் ப்ரொப்பெல்லர் போட இடமில்லை. இருந்த பழைய ப்ரொப்பெல்லரையே வைத்தோம். முழு த்ராட்டில் கொடுத்தால் என்ஜின் சுலபமாகத் தன் உச்சச் சுற்றுக்குப் போய் சுற்றுக்கு எல்லை வைக்கும் கவர்னரில் முட்டி நிற்கும். படகு 6.4 நாட். பழைய 22 எச்பியில் 6.2 போனது. பிட்ச்சை (இலையின் சாய்வை) கூட்டிய ப்ரொப்பெல்லர் போட்டுப் பார்த்தோம். தண்ணீரைக் கலக்கியதே தவிர தள்ளவில்லை, பின்பக்கம் முழுக்க அதிர்வு. அவர் பெரும்பாலும் துறைமுகத்துக்குள்ளேயே, பேட்டரி சார்ஜ் ஆகட்டும் என்று மெதுவாக ஓட்டியவர். மூன்றாவது வருடம் நீலப் புகை. ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் நாலு சிலிண்டரும் கண்ணாடி. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அந்தச் செலவு எனக்கு இன்னும் உறுத்துகிறது. முதல் நாளே ப்ரொப்பெல்லரைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

அதனால்தான் உங்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன். என்ஜின் படகைத் தள்ளுவதில்லை, ப்ரொப்பெல்லர்தான் தள்ளுகிறது. உங்கள் படகில் எவ்வளவு பெரிய ப்ரொப்பெல்லர் சுற்ற முடியும் என்பதுதான் எத்தனை எச்பி என்ற கேள்விக்கு உண்மையான எல்லை.

படகைக் கரையேற்றும்போது அடியில் உட்கார்ந்து அளந்துகொள்ளுங்கள். ப்ரொப்பெல்லரைச் சுற்றும் தண்டான ஷாப்ட்டின் நடுவிலிருந்து மேலே படகின் அடிப்பாகம் வரை எவ்வளவு தூரம்? ப்ரொப்பெல்லர் இலையின் நுனிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே ப்ரொப்பெல்லர் விட்டத்தில் குறைந்தது 10 சதவீதம் இடைவெளி வேண்டும், 15 இருந்தால் அதிர்வு நன்றாகக் குறையும். உதாரணத்துக்கு ஷாப்ட் நடுவிலிருந்து அடிப்பாகம் 9.5 அங்குலம் என்றால், 15 அங்குல ப்ரொப்பெல்லர் 7.5 அங்குலம் எடுத்துக்கொள்ளும், 2 அங்குலம் மிச்சம். 13 சதவீதம், சரியாக இருக்கும். 16 அங்குலம் போட்டால் மிச்சம் 1.5 அங்குலம். 10 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது, வேண்டாம். இப்படி அளந்து 15 அங்குலத்தில் நிற்கிறீர்கள் என்றால் 20 எச்பி வட்டாரத்தில் இருங்கள். 16, 17 போகிறது என்றால் 29 எச்பியைப் பற்றி யோசிக்கலாம்.

பெரிய விட்டமும் மெதுவான சுற்றும்தான் கனமான படகுக்கு நல்லது. சின்ன ப்ரொப்பெல்லர் வேகமாகச் சுற்றினால் தண்ணீர் நுரைக்கும், எதிர்க்காற்றில் பிடிப்பு இருக்காது. இங்கேதான் கியர் பாக்ஸ் விகிதம் வருகிறது. இன்றைய சின்ன டீசல்கள் பலவும் நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடுபவை. 2.6-க்கு 1 என்ற விகிதத்தில் கியர் பாக்ஸ் எடுத்தால் ஷாப்ட் சுமார் 1380 சுற்று. 2.2 எடுத்தால் 1640. இடம் இருந்தால் 2.6-ஐ எடுங்கள். டீலர் கையிருப்பில் இருக்கும் கியர் பாக்ஸைத் தள்ளிவிடப் பார்க்கலாம். ஆர்டர் போடும் காகிதத்தில் விகிதத்தை எழுதி வாங்குங்கள். ஷாப்ட் எந்தப் பக்கம் சுற்றும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பழைய என்ஜினும் புதியதும் எதிரெதிர்ப் பக்கம் சுற்றினால் பழைய ப்ரொப்பெல்லர் பயன்படாது.

பழைய 20 எச்பி புதிய 30-க்குச் சமம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதில் கொஞ்சம் உண்மை, நிறையக் குழப்பம். உங்கள் புக் என்ஜின் 3000 சுற்றில் 20 எச்பி கொடுத்தது, கனமான ஃப்ளைவீல். குறைந்த சுற்றிலேயே இழுக்கும். புதிய என்ஜின் அதே 20 எச்பியை 3600 சுற்றில் கொடுக்கிறது, அதனால் என்ஜினில் டார்க் (திருப்புவிசை) குறைவு. ஆனால் சரியான கியர் விகிதம் வந்துவிட்டால் ப்ரொப்பெல்லருக்குப் போய்ச் சேரும் திருப்புவிசை ஒன்றேதான். 2800 சுற்றில் ஓட்டினால் சத்தம் அதிகம் என்று பயந்து 1800-ல் ஓட்டிவிட்டு, புதியதில் இழுவை இல்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த என்ஜின்கள் 2800-ல் ஓடப் பிறந்தவை.

ஏன் 2800 என்றால், ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுற்றின் மூன்றாம் படியில் ஏறும். 3600-ல் 21 எச்பி கேட்கும் ப்ரொப்பெல்லர் 2800-ல் 10 எச்பிதான் கேட்கும். 10 எச்பி உங்கள் படகுக்கு 5 நாட்டுக்குச் சற்று மேல். என்ஜின் பாதி பாரத்தில், நல்ல சூட்டில், ஆரோக்கியமாக ஓடும். டீசல் மணிக்கு சுமார் 2 லிட்டர். புதுச்சேரி இங்கிருந்து 75 கடல்மைல் இருக்கும். காற்றே இல்லாவிட்டாலும் 15 மணி நேரம், 30 லிட்டர். 80 லிட்டர் டேங்கில் இது தாராளம்.

அதே 5 நாட்டுக்கு 29 எச்பி என்ஜின், தனக்கேற்ற ப்ரொப்பெல்லரோடு, 2500 சுற்றில் மூன்றில் ஒரு பங்கு பாரத்தில் ஓடும். இது கெடுதல் இல்லை. அவ்வப்போது அரை மணி நேரம் வேகமாக ஓட்டிச் சூடேற்றினால் போதும். கூடுதல் சக்தி வாடையில் உதவும். ஃப்ரிட்ஜ், பெரிய ஆல்டர்னேட்டர் எல்லாம் வைக்கும் எண்ணம் இருந்தால் 29 பக்கம் சாய்வதில் நியாயம் இருக்கிறது. 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழுதாகச் சார்ஜ் செய்யும்போது 3 எச்பியைத் தின்றுவிடும். ஜப்பானின் யன்மார் கம்பெனியில் 3ஒய்எம்20-உம் (21 எச்பி) 3ஒய்எம்30-உம் (29 எச்பி) இரண்டுமே மூன்று சிலிண்டர், எடையில் சில கிலோதான் வித்தியாசம், இரண்டும் 130 கிலோ வாக்கில். அதனால் எடைக்காகப் பயப்பட வேண்டாம். ப்ரொப்பெல்லர் இடம்தான் தீர்ப்பு.

சென்னைக்கே உரிய ஒரு விஷயம் சூடு. என்ஜினின் எச்பியைக் கம்பெனிகள் 25 டிகிரி சூழலில் சொல்வார்கள். நம் கடல்தண்ணீரே 28, 30 டிகிரி. சித்திரை வெயிலில் மூடிய என்ஜின் அறை 50 டிகிரியைத் தொடும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் காகிதத்தில் இருக்கும் 21-இல் சில சதவீதம் இங்கே கிடைக்காது. அதற்காகப் பெரிய என்ஜினுக்குப் போக வேண்டியதில்லை. என்ஜின் அறைக்கு வெளிக்காற்று வர நல்ல அகலமான வழி வையுங்கள். நான் பார்த்த பழைய படகுகள் பலவற்றில் இரண்டு விரல் நுழையும் குழாய்தான் இருக்கும்.

குளிரூட்டல் விஷயத்தில் ஒரே முடிவு: உள்ளே நன்னீரும் கூலண்ட்டும் சுற்ற, கடல்தண்ணீர் வெளியே ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியே மட்டும் போகும் வகையை வாங்குங்கள். கடல்தண்ணீர் நேராக என்ஜினுக்குள் ஓடும் வகையில் உப்பு படியாமல் இருக்க 55 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஓட்ட வேண்டியிருக்கும். உள்சுவரும் அரிக்கும்.  அப்புறம் நம் துறைமுகத்தில் ஒரு மாதம் சும்மா கட்டிப்போட்டாலே தண்ணீர் உறிஞ்சும் துவாரத்திலும் ப்ரொப்பெல்லரிலும் சிப்பி அப்பிவிடும். மழைக்குப் பிறகு கூவம் கொண்டுவரும் பிளாஸ்டிக் பை வேறு. வடிகட்டியைப் பெரிய அளவில் போடுங்கள், மேலே இருந்து கையால் திறக்கிற மாதிரி. கடல்தண்ணீரை இறைக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் எப்போதும் இரண்டு கையில் இருக்கட்டும்.

கார் என்ஜினைக் கடலுக்கு மாற்றித் தருவதாக அந்த மெக்கானிக் சொன்னதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அடிப்படை என்ஜின் தரைக்குரியதாக இருப்பது தவறே இல்லை. இங்கிலாந்தின் பீட்டா மரீன் கம்பெனி விற்பதே டிராக்டருக்குப் பெயர்போன குபோட்டாவின் என்ஜின்களைத்தான். ஆனால் அவர்கள் தண்ணீர் சுற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஷாப்ட் தள்ளும் விசையைத் தாங்கும் கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்துத் தருகிறார்கள். புதுப்பேட்டையில் வாங்கிய என்ஜினுக்கு அம்பத்தூரில் கடைசல் பிடித்து இதையெல்லாம் தனித்தனியாகச் செய்தால் நன்றாக வரலாம். செய்த கையைப் பொறுத்தது. பாய்மரப் படகில் இன்னொன்றும் இருக்கிறது. ஷாப்ட் சாய்வால் என்ஜின் ஏற்கெனவே 8, 10 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். பாயில் போகும்போது படகு பக்கவாட்டில் 20 டிகிரி சாயும். அந்த நேரத்தில் என்ஜினைப் போட்டால் ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சக்கூடாது. காரின் ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இதற்காகச் செய்யப்பட்டதில்லை.

இறக்குவதற்கு முன் அட்டையிலோ ப்ளைவுட்டிலோ புதிய என்ஜினின் அளவுக்கு ஒரு பெட்டி செய்து உள்ளே வைத்துப் பாருங்கள். மவுண்டிங் கால்களின் அகலம், உயரம், பின்னால் கை போக இடம், ஆயில் ஃபில்டர் கழற்ற இடம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் குழாயையும் பாருங்கள். பழையது 40 மில்லியாக இருந்து புதிய என்ஜின் 50 மில்லி கேட்டால் முழுக் குழாயையும் தண்ணீர்ப் பெட்டியையும் மாற்ற வேண்டும்; குறுகலான குழாயில் புகை அடைபட்டு என்ஜின் மூச்சுத்திணறும். புகையோடு கடல்தண்ணீர் கலக்கும் இடம் கடல்மட்டத்துக்குக் கீழே, அல்லது 15 சென்டிமீட்டருக்குள் மேலே இருந்தால், வால்வு வைத்த வளைவுக் குழாய் கட்டாயம். இல்லாவிட்டால் என்ஜினை நிறுத்திய பிறகு கடல் மெதுவாக சிலிண்டருக்குள் ஏறும். பழைய என்ஜினுக்குள் உப்புத்தண்ணீர் எப்படி வந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இந்த வளைவு இல்லாததுதான் காரணம் என்று எனக்குப் பலமான சந்தேகம். அதைச் சரிசெய்யாமல் புதியதை இறக்கினால் அதுவும் அதே வழியில் போகும்.

பழைய புக் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். புதியது 130. பின்பக்கம் 70 கிலோ குறைவதால் படகு அணியத்தில் சற்றே குனியும். பேட்டரியை என்ஜின் பக்கம் கொண்டுவந்தால் சரியாகும்.

கரையில் வைத்துச் செய்த அலைன்மென்ட்டை (என்ஜினும் ஷாப்ட்டும் நேர்கோட்டில் நிற்பதை) இறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீரில் இறங்கியதும் ஃபைபர் உடல் கொஞ்சம் வடிவம் மாறும். இரண்டு மூன்று நாள் மிதந்த பிறகு இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து நாலு பக்கமும் பாருங்கள். கப்ளிங்கின் 4 அங்குல ஃபிளாஞ்சில் (வட்டத் தகட்டில்) பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் 0.1 மில்லிக்குள் இருக்க வேண்டும்.

கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. அடிப்பாகமும் ப்ரொப்பெல்லரும் சுத்தமாக, டேங்குகள் நிறைந்து, வழக்கமாக வரும் ஆட்களோடு, காற்று குறைந்த காலையில் துறைமுகத்துக்கு வெளியே போங்கள். பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு முழு த்ராட்டில். என்ஜின் 3600 தொட வேண்டும். 3300-லேயே நின்று கரும்புகை விட்டால் பிட்ச் அதிகம்; ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும். சுலபமாக உச்சத்துக்குப் போய் முட்டினால் பிட்ச் போதாது. இங்கே சிப்பி ஒட்டும் வேகத்தை நினைத்து, சுத்தமான நாளில் 3600-ஐ வசதியாகத் தொட்டுவிடும்படி வைத்துக்கொள்வது நல்லது. நாலு மாதம் கழித்துத் தானாகவே நூறு சுற்று இறங்கிவிடும்.

அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது ஷாப்ட் நடுவிலிருந்து அடிப்பாகம் வரை உள்ள தூரம், ஷாப்ட்டின் தடிமன், பழைய ப்ரொப்பெல்லரின் மையத்தில் கொத்தியிருக்கும் எண்கள், கிரேன் காட்டிய எடை, இந்த நாலையும் எழுதி அனுப்புங்கள் தம்பி. 20-ஆ 29-ஆ என்பதை அன்றைக்கே சேர்ந்து முடிவு செய்துவிடலாம். அதுவரை டீலருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.